ஒற்றைக் கைப் பேச்சு

வயதானால் பக்கத்தில் இருப்பது தெரியாது, தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும் என்று விஸ்வேஸ்வரன் அடிக்கடி சொல்வார். தன் தட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கூரைகளுக்கு அந்தப் பக்கம் பாண்டி பல் செட்டைக் கழற்றிச் சட்டையில் துடைப்பது கண்ணாடி இல்லாமலே தெரியும்.

"பகவான் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். கிழவன் தன்னைப் பாத்துண்டா அழுவான், அடுத்த கிழவனைப் பாத்தா சிரிப்பான்" என்பார்.

"ரெண்டு பேரும் ஒரேபோலத்தான் இருக்கேள். கண்ணாடி போட்டுண்டு பாருங்கோ" என்பாள் அவர் மனைவி அம்மிணி.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே அவர்கள் வீடு. பாலக்காட்டிலிருந்து குஜராத்தி வியாபாரியிடம் கணக்கெழுத வந்த தாத்தா பிடித்த இடம். அந்தக் குடும்பத்தில் கணக்கு எழுதாத ஒரே ஆண் விஸ்வேஸ்வரன்தான். மீசை முளைத்ததும் கடற்படைக்கு ஓடிப்போனார். சிக்னல் பிரிவில் போட்டார்கள். அங்கேதான் சங்கிலிப்பாண்டி கிடைத்தான். தூத்துக்குடிக்காரன், கறுத்து ஒல்லியாக, வாயைத் திறந்தால் வம்பு. ஒரே கப்பல், ஒரே மேல்தளம், ஒரே பீரங்கிச் சத்தம். அந்தச் சத்தம் பாண்டியின் காதுகளை முழுதாகவும் விஸ்வேஸ்வரனின் காதுகளைப் பாதியாகவும் தின்றது. கடைசிப் பணி இருவருக்கும் கொச்சியில் அமைந்தது. பாண்டி ஊருக்குத் திரும்பவில்லை. கொச்சி பிராட்வேயில் மகன் மாரிச்செல்வம் குழாய்ச் சாமான் கடை போட்டான், கடை தழைத்தது, விஸ்வேஸ்வரன் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி மூன்று மாடி வீடு எழும்பியது.

மூன்று மாடி என்பதுதான் வினை. பாண்டியை மேல்மாடியில் குடிவைத்தார்கள், காற்று நல்லது என்று. பாண்டியின் முழங்கால் கீழே இறங்க மறுத்தது. விஸ்வேஸ்வரனின் முழங்கால் மேலே ஏற மறுத்தது. போனில் பேசினால் இரண்டு பக்கமும் 'ஆங்?' என்ற ஒரே சொல்தான். போனில் எழுத்து தட்டலாம் என்றால் எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது.

ஆனால் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பார்வை இருந்தது. நடுவில் கிடங்குகளின் ஓட்டுக் கூரைகள், தலை போன ஒரு தென்னை, அவ்வளவுதான்.

கப்பலில் ரேடியோவைத் தொடக் கூடாத நேரங்களில் ஒரு கப்பல் இன்னொரு கப்பலோடு பேச ஒரு வித்தை உண்டு. இரண்டு கைகளிலும் கொடி பிடித்து, எழுத்து எழுத்தாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் கைகள் நிற்க ஒரு கோணம். எழுத்து இங்கிலீஷ், பேச்சு என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். இன்றைக்குப் பேரப் பிள்ளைகள் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பதைப் பாண்டியும் விஸ்வேஸ்வரனும் அந்தக் காலத்திலேயே கடல் நடுவில் செய்தார்கள். பெரும்பாலும் கெட்ட வார்த்தை. அதிகாரிகள் வடக்கத்தியர்கள் என்பதால் பிழைத்தார்கள்.

கொடிக்குப் பதில் இப்போது தோர்த்து, குளித்துத் துவட்டும் துண்டு. ஆளுக்கு இரண்டு சிவப்புத் தோர்த்து. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பாண்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். இவர் துணி உலர்த்தும் கம்பிக்கு அடியில் நிற்பார். முதலில் உடம்பு அறிக்கை. கப்பலில் காலையில் பொறுப்பு அதிகாரிக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும் என்பது விதி.

'எஞ்சின் ஓடுது. அடித்தளத்தில் தண்ணி. பம்ப்பு சொட்டுச் சொட்டா வேலை செய்யுது' என்று பாண்டி காட்டுவான்.

'கப்பல்ல ராத்திரிக் காவல் வாட்சுக்கு எழுப்ப ஓர் ஆள் வேணும். இப்போ மூத்திரமே எழுப்பறது. சம்பளமும் கேக்கறதில்லை' என்று இவர் காட்டுவார்.

'வயசானவன் வழுக்குத் தரையில நடக்கக் கூடாது. மருமக கறியப் பத்தி உண்மை சொல்லக் கூடாது. ரெண்டுலயும் இடுப்பெலும்புதான் போவும்.'

ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். சிரிப்பு வருவதற்குள் கை வலிக்கும். கை வலிக்கிற விலை கொடுத்துத்தான் பேச வேண்டும் என்றால் உலகத்தில் பாதிப் பேச்சு குறைந்துவிடும் என்பது விஸ்வேஸ்வரனின் இன்னொரு கருத்து. அம்மிணி இதையெல்லாம் ஜன்னலில் பார்த்து, "கொக்குகளுக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக ஒருவர் மூழ்க வேண்டும். அதைப் பாண்டிதான் தொடங்கி வைத்தான். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்ல உட்கார வேண்டும், கப்பல் முழுகுவது போல. இடுப்பு மறையும், தோள் மறையும், தலை மறையும், கடைசியில் ஒரு கை மட்டும் ஆடி அதுவும் மறையும். எதிரில் நிற்பவர் நின்று சல்யூட் அடிக்க வேண்டும். முறை வைத்து மூழ்கினார்கள். விஸ்வேஸ்வரன் மூழ்கினால் எழுந்திருக்க அம்மிணி வர வேண்டும்.

சாவைப் பற்றி அவர்களுக்கு ஒரு தனிக் கொள்கை இருந்தது. 'அட்மிரல் பரிசோதனைக்கு வரார்னு சொன்னா கப்பல் முழுக்க வெள்ளையடிப்போம். அன்னிக்கு வரமாட்டார். நாம் அழுக்கு நிஜாரோட உருளைக்கிழங்கு தோல் சீவிண்டிருக்கிற அன்னிக்கு வந்து நிப்பார். சாவும் அப்படியாக்கும்' என்று விஸ்வேஸ்வரன் தோர்த்தால் எழுதியபோது பாண்டி பதிலுக்கு, 'நான் நிஜாரே போடுறதில்ல' என்று காட்டினான்.

மழைக்கால முடிவில் ஒரு சாயங்காலம். மூழ்கும் முறை பாண்டியுடையது. தன் பேரனின் கல்லூரியைப் பற்றி ஏதோ கதை தொடங்கியிருந்தான். பாதியில் வலது கைத் தோர்த்து கீழே விழுந்தது. எடுக்கவில்லை. வலது கை தொங்கியது. இடது கை மட்டும் சாய்வாக உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது, தாழ்ந்தது. சிக்னல்காரர்களுக்கு அது தெரிந்த குறிதான். 'தப்பு, அனுப்பியதை அழித்துவிடு' என்று அர்த்தம். கதையில் எங்கோ எழுத்தைக் கோட்டைவிட்டான் போல என்று விஸ்வேஸ்வரன் நினைத்தார். கை திரும்பத் திரும்ப உயர்ந்தது. அழி, அழி, அழி. பிறகு பாண்டி மெல்ல மூழ்கினான். இடுப்பு, தோள், தலை. கடைசியில் அந்த ஒரு கை. அதுவும் போயிற்று.

இவ்வளவு நன்றாக அவன் என்றைக்கும் மூழ்கியதில்லை. விஸ்வேஸ்வரன் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். 'பிரமாதம். நாளைக்கு என் முறை' என்று தோர்த்தால் எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

இசக்கிசெல்வி, பாண்டியின் மனைவி, காயப்போட்ட மிளகாயை எடுக்க இருட்டிய பிறகுதான் மாடிக்கு வந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்தார்கள். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. விழுங்கும் தொண்டையும் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டதாக மாரிச்செல்வம் போனில் சொன்னான். அன்று விஸ்வேஸ்வரனின் பாதிக் காது முழுக்க வேலை செய்தது.

நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மிணிக்கு மட்டும் தெரியும். அவள் ஜன்னலில் இருந்தாள். அவளும் மூழ்குவதைப் பார்த்துச் சிரித்தவள்தான். அதனால் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

மூக்கில் குழாயோடு பாண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் விஸ்வேஸ்வரன் அந்த மூன்று மாடியையும் ஏறினார். இரண்டு வருடமாக முழங்காலைக் காரணம் சொல்லி ஏறாத படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

கட்டிலில் பாண்டி இருந்தான். பல் செட்டு இல்லாத முகம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. எதைப் பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை. இடது மணிக்கட்டைக் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"இதெந்தா?" என்றார் விஸ்வேஸ்வரன்.

"குழாயப் புடுங்கிடுதாரு மாமா" என்றான் மாரிச்செல்வம். பேச்சில் பாதி மலையாளம் ஏறிய தடித்த ஆள், கடையில் குரல் உயர்த்தி ஆட்களை ஓட்டுகிறவன், அப்பாவின் கட்டில் பக்கத்தில் கை கட்டி நின்றான். "ரெண்டு தடவ புடுங்கிட்டாரு. நர்சு சொன்னா, கெட்டாம வேற வழி இல்லன்னு."

கட்டப்பட்ட கை அசைந்துகொண்டே இருந்தது. கட்டு விட்ட அளவுக்கு உயர்ந்தது, தாழ்ந்தது. தோல் சிவந்து, மணிக்கட்டில் வளையம் போட்டிருந்தது.

விஸ்வேஸ்வரன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். அதில் எழுத்து ஏதும் இல்லை. இருந்திருந்தாலும் ஒற்றைக் கையால் மொத்தமே நாலைந்து எழுத்துதான் எழுத முடியும், அதில் ஒரு பெயர்கூடத் தேறாது. அவருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"அட மடையா, அவன் பேசறான்டா. நீ நாக்கைக் கட்டிப்போட்டிருக்கே."

மாரிச்செல்வம் திகைத்தான். "நெசமாவா மாமா? எந்தா பறயுதாரு, என்ன சொல்லுதாரு?"

இனி பின்வாங்க வழியில்லை. விஸ்வேஸ்வரன் குனிந்து, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டுவது போலக் கூட்டினார். ஒரு சிக்னல்காரன் இப்படிக் கூட்டினால் பயிற்சிப் பள்ளியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"'நங்கூரத்தைத் தூக்குங்கடா. கப்பல் அழுகறது' அப்படீங்கறான்."

மாரிச்செல்வம் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவனே அவசர அவசரமாகக் கட்டை அவிழ்த்தான். "அப்பா தன்னே. அப்பாவேதான் பேசுதாரு. அம்மே, கேட்டியா?"

வாசற்படியில் நின்ற இசக்கிசெல்வி கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அன்றிலிருந்து தினமும் ஏற வேண்டியதாயிற்று. மாரிச்செல்வம் கடையைச் சீக்கிரம் விட்டு வந்து காத்திருப்பான். அத்தை மகன் வந்தால் அவனையும் உட்கார வைப்பான். "மாமா வரட்டும், அப்பா பேசுவாரு" என்பான். விஸ்வேஸ்வரன் கட்டிலுக்கு எதிரில் நின்று முதலில் தன் இரண்டு கைகளாலும் 'எப்படி இருக்கே' என்று எழுதுவார். பிறகு அந்தக் கையைப் பார்த்து எதையாவது சொல்வார்.

"'மூக்கு வழியாச் சாப்பிடறதுல ஒரு லாபம். மருமக கறிக்கு ருசி தெரியறதில்லை.'"

"'பாதி உடம்பு ரிடையர் ஆயிட்டது. மீதிப் பாதிக்குப் பென்ஷன் உண்டான்னு கேளு.'"

எல்லாம் மொட்டை மாடியில் மிச்சமிருந்த சரக்கு. பாண்டியின் பழைய சிரிப்புகளையே திருப்பி அவன் வாயில் வைத்தார். தீர்ந்துபோனதும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு போனார். வயதைப் பற்றி இத்தனை வருடம் வேடிக்கை பேசியவருக்கு, ஒரு வேடிக்கை செய்வது இவ்வளவு கனமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆள் நல்லபடி இருந்தால்தான் அவன் சாவைப் பற்றிச் சிரிக்க முடியும். இங்கே அது கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் கொஞ்சம் துணிந்துவிட்டார். இசக்கிசெல்வி பாண்டியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "'இசக்கி, நீ ரொம்பக் கஷ்டப்படறே' அப்படீங்கறான்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி தேய்த்தாள். "அப்பிடியா சாமி" என்றாள். அவ்வளவுதான்.

சில நாட்கள் எல்லாரும் கீழே போனபின் அவர் தனியாக நின்று உண்மையாகவே படிக்கப் பார்த்தார். கொடியைப் படிக்கப் பழகிய கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு, அசைவது எதையும் எழுத்தாக்கப் பார்க்கும். கை போர்வையைப் பிசைந்தது. மூக்குக்குப் போனது. குழாயைத் தொட்டது. சில சமயம் சாய்வாக உயர்ந்து தாழ்ந்தது, மாடியில் அன்று கண்டது போல. தப்பு, அழி. அதைப் பார்த்ததும் விஸ்வேஸ்வரன் கண்ணை எடுத்துவிடுவார். நரம்பு துடிப்பு அது, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

கை அவிழ்ந்திருந்ததால் குழாயும் அடிக்கடி வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் நர்சு வந்து மூக்கு வழியாக மறுபடி செலுத்துவாள். அப்போது பாண்டியின் கண்ணில் நீர் கொட்டும். ஒருமுறை ரத்தம் வந்தது. அதன்பின் டாக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார்: இனி மூக்கு தாங்காது, வயிற்றில் துளை போட்டு நேராகக் குழாய் வைக்கலாம். வைத்தால் இப்படியே கொஞ்ச காலம், வருடக்கணக்கில்கூட, போகும். வேண்டாம் என்றால் வாயில் முடிந்ததைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அது அதிக நாள் போகாது. எது என்று வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

"எங்ககிட்ட எதுக்கு டாக்டரே? அப்பாவுக்கு நல்ல நெனவு உண்டு. அவருகிட்டயே கேக்கலாம்" என்றான் மாரிச்செல்வம். விஸ்வேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு மாமா வந்து கேக்கட்டும். அப்பா எது பறயுதாரோ அது."

விஸ்வேஸ்வரன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகன் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

*

மறுநாள் அம்மிணி காபி கொடுக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்னா, அவாகிட்டே உள்ளதைச் சொல்லிடுங்கோ. ஒண்ணும் படிக்கத் தெரியலைன்னு."

"சொன்னா கையை மறுபடி கட்டிடுவா."

"கட்டினா கட்டட்டும். ஒரு மனுஷனோட உசிருக்கு நீங்களா பதில் பறயறது?"

விஸ்வேஸ்வரன் செருப்பைத் தேடுவது போல வெகுநேரம் குனிந்திருந்தார்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவருக்காகத்தான். மடியில் முறம், முறத்தில் முருங்கைக் கீரை. உருவிக்கொண்டே பேசினாள்.

"இருங்க சாமி. மூச்சு வாங்குது உங்களுக்கு."

அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"மாரி உள்ள இருக்கான். ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கான். நா ஒண்ணு கேக்கட்டா, கோவப்படக் கூடாது."

"கேளுங்கோ."

"அவுக ஒண்ணும் சொல்லலல்லா?"

அவரும் முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றார்.

"என்னய இசக்கின்னு கூப்புட்டதா சொன்னீகளே, அன்னைக்கு. கல்யாணமான நாள்லேந்து 'ஏட்டி'தான். பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. நா கஷ்டப்படுதேன்னு அவுக ஒருநாளும் சொன்னதில்ல. சொன்னா கொறஞ்சு போயிருவாகளாம்." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "நீங்க நல்ல மனசுலதான் சொன்னீக. ஆனா அவுக அவ்வளவு நல்ல மனுசன் கெடயாது சாமி. எனக்குத் தெரியாதா."

விஸ்வேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. பாண்டி கேட்டிருந்தால் கை வலிக்க வலிக்க இதை ஊர் முழுக்க எழுதியிருப்பான்.

"அப்போ ஏன் சும்மா இருந்தேள்?"

"கட்ட அவுத்தீகளே. அது போதும்னு இருந்தேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "கொழாயப் புடுங்கிப் புடுங்கிப் போடுதாகளே. அதப் படிக்கத் தெரியலயா ஒங்களுக்கு? அதுக்குக் கொடி வேணுமா?"

"அது அரிப்புனால இருக்கலாம். வலிக்கும்போ கை தானே போகும். அதை வச்சு எப்படி..."

"இருக்கலாம். நா இல்லங்கல. கூடக் கெடந்த எனக்குத் தெரிஞ்சது அதுதான்." குரல் ஏறவில்லை. "வவுத்துல ஓட்ட வேண்டாம்னு நா சொன்னா, காலத்துக்கும் மாரி என்னய ஒரு மாதிரிப் பாப்பான். அப்பனக் கொன்னவன்னு வாயால சொல்லமாட்டான், மனசுல இருக்கும். அவனச் சொல்லச் சொன்னா, அவன் ஒடஞ்சு போவான். அவுக சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கிடுவோம். அவுகளுக்கு வாய் இல்ல. ஒங்களுக்கு இருக்கு."

"என்னாலே முடியாதும்மா."

"இத்தன நாளா முடிஞ்சுதே."

அவர் படியைப் பார்த்தார். மாடியில் அந்தச் சாயங்காலம் தான் சல்யூட் அடித்து நின்றது வாய் நுனி வரை வந்தது. சொன்னால் இவள் என்ன செய்வாள்? மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். எதுவானாலும் இன்னொரு சுமையை அவள் முறத்தில் போட்டதாக ஆகும். விழுங்கிவிட்டார். தனக்குத் தொண்டை இன்னும் வேலை செய்கிறது என்று தோன்றியது.

"வாங்க. நேரமாகுது" என்று அவள் எழுந்தாள்.

*

அறையில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியே கூரைகளுக்கு அப்பால் விஸ்வேஸ்வரனின் மொட்டை மாடி தெரிந்தது. துணி உலர்த்தும் கம்பியில் அம்மிணி எதையோ போட்டுக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரிந்திருக்கிறேன் என்று நினைத்தார். சின்னதாக.

மாரிச்செல்வம் அப்பாவுக்குப் புதுச் சட்டை மாட்டித் தலை சீவி வைத்திருந்தான். பரிசோதனைக்குக் கப்பலுக்கு வெள்ளையடித்தது மாதிரி. "அப்பா, மாமா வந்துட்டாரு. ஒரு காரியம் கேக்கணும்" என்று காதருகே உரக்கச் சொன்னான். அந்தக் காது கேட்டு வருடக் கணக்காகிறது.

விஸ்வேஸ்வரன் கட்டிலுக்கு எதிரில் நின்றார். கேள்வியைப் பொய்யாக எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு தோர்த்துகளை எடுத்து, தோளை நிமிர்த்தி, பயிற்சிப் பள்ளியில் எழுதியது போல ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் கோணத்தில் நிறுத்தி எழுதினார். 'வயிற்றில் குழாய் வேண்டுமா. பாண்டி. வேண்டுமா.' எழுதி முடிக்க நேரமாயிற்று. பாண்டியின் கண் அந்தச் சிவப்பின் மேல் இருந்தது போலிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எதுவும் அப்படித்தான் இருக்கும்.

எழுதி முடித்ததும் படிக்க வேண்டும். படிப்பதற்குக் கையைப் பார்க்க வேண்டும்.

வாழ்நாள் முழுதும் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். புயலில், எதிர் வெயிலில், உப்புத் தண்ணீர் கண்ணில் அடிக்கும்போது இமைக்காமல் பார்ப்பது. பார்க்காமல் ஒரு செய்தியை வாங்கியதாகச் சொல்லும் சிக்னல்காரன் பொய்யன் அல்ல, அதைவிடக் கீழானவன். அதற்குக் கடற்படையில் ஒரு சொல்கூட இல்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. அம்மிணி காயப்போட்டது அவருடைய வேட்டி.

"என்ன மாமா? எந்தா பறயுதாரு?"

"'ஓட்டை போட்டா கப்பல் முழுகும்டா முட்டாப் பயலே'" என்றார் விஸ்வேஸ்வரன். குரல் எங்கிருந்தோ சரியாக வந்தது, தூத்துக்குடிக் குரலாகவே வந்தது. "'இதுகூடத் தெரியாத டாக்டரு எவன்ல? வயித்துல ஒண்ணும் போடப் பிடாது. மூக்குல இருக்கிறதையும் எடு. ஏட்டி கையால ரெண்டு கரண்டி கஞ்சி போதும். பொறகு நானா முழுகிக்கிடுதேன். ஒங்களுக்குச் சல்யூட் அடிக்கத் தெரியும்லா.'"

மாரிச்செல்வம் வாய்விட்டுச் சிரித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். "அப்பா தன்னே" என்றான். "இது அப்பா தன்னே பறஞ்சது." தோள்கள் குலுங்கின. "சரி அப்பா. சரி. மதி, போதும்."

விஸ்வேஸ்வரன் செய்த வேடிக்கைகளிலேயே நல்லது அதுதான். அவருக்கே தெரிந்தது. தோர்த்துகளை மடிக்கத் தெரியாமல் மடித்துப் பையில் திணித்தார். கட்டில் பக்கம் திரும்பாமல் வாசலுக்கு நடந்தார். பின்னால் ஏதோ அசையும் சத்தம், துணி உரசுவது போல, கேட்டது. பாதிக் காது. கேட்டிருக்காமலும் இருக்கலாம்.

படியில் இரண்டு திருப்பம் இறங்கியபோது இசக்கிசெல்வி பின்னாலேயே வந்தாள். சுவரைப் பிடித்து நின்ற அவரைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கி நின்று, முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருக்கவில்லை.

"நீங்க பாக்கல" என்றாள்.

"இல்லை."

"நா பாத்தேன். நீங்க பேசப் பேச அவுக கையி—"

"வேண்டாம்மா" என்றார் விஸ்வேஸ்வரன். கையை நீட்டித் தடுத்தார், அவள் ஏதோ எறிய வந்தது போல. "சொல்லாதேங்கோ. நீங்க சொன்னா எனக்குப் படிக்கத் தெரியும்."

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையசைத்தாள். ஒதுங்கி வழி விட்டு, மேலே ஏறிப் போனாள், கஞ்சி வைக்க.

அவர் இறங்கினார். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. இதைப் பாண்டிக்கு எப்படி எழுதலாம் என்று பழக்கத்தில் வார்த்தை தேடத் தொடங்கி, பாதிப் படியில் நிறுத்திக்கொண்டார்.